இந்திய ஹாக்கியின் ஐந்து பல்பீர் சிங்குகள்: ஒரே பெயர், வெவ்வேறு வரலாறு

சண்டிகர்: 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒலிம்பிக் ஹாக்கி வீரர் பல்பீர் சிங் காலமானார் என்ற செய்தி வெளியானது. அதே ஆண்டு மே 25ஆம் தேதி, ஒலிம்பிக் ஹாக்கி வீரர் பல்பீர் சிங் காலமானார் என்று மீண்டும் ஒரு செய்தி வந்தது. 2021 ஏப்ரல் 11ஆம் தேதி, முன்னாள் இந்திய ஹாக்கி வீரர் பல்பீர் சிங் மறைந்தார் என மூன்றாவது செய்தி வந்தது. மூன்று செய்திகளும் உண்மை. மூன்றும் வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை.

இந்திய ஹாக்கி வரலாற்றில் பல்பீர் சிங் என்ற பெயரில் குறிப்பிடத்தக்க வீரர்கள் ஐந்து பேர் உள்ளனர். அவர்களில் மூவர் ஒரே ஒலிம்பிக் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். யார் எந்தப் பதக்கத்தை வென்றார், எந்தக் கோலை அடித்தார் என்பதைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஒருவருடைய உழைப்பு இன்னொருவரின் கணக்கில் சேர்ந்துவிடாமல் இருக்க, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சொல்லே துணை நிற்கிறது.

முதலாமவர்: 'சீனியர்'

ஐவரில் மூத்தவர், புகழிலும் முதன்மையானவர் பல்பீர் சிங் சீனியர். பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டத்தின் ஹரிபூர் கால்சா கிராமத்தைச் சேர்ந்தவர். இவருடைய தந்தை தலீப் சிங் தோசாஞ்ச் விடுதலைப் போராட்ட வீரர்.

சென்டர் ஃபார்வர்டாக ஆடிய சீனியர் 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி, 1956 மெல்போர்ன் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற அணிகளில் இடம்பெற்றிருந்தார். லண்டனில் அவர் ஆடிய முதல் ஆட்டம் அர்ஜென்டினாவுக்கு எதிரானது. அதில் மட்டும் ஆறு கோல்கள் அடித்தார். வெம்பிளி மைதானத்தில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் இந்தியா பிரிட்டனை 4-0 என்ற கணக்கில் வென்றது. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவடைய மூன்று நாட்கள் இருந்த நிலையில், முன்னாள் ஆட்சியாளர்களை அவர்களுடைய மண்ணிலேயே வீழ்த்திய வெற்றி அது. அந்த நான்கு கோல்களில் இரண்டு பல்பீருடையவை.

ஹெல்சின்கியில் அரையிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இந்தியா அடித்த மூன்று கோல்களையும் அவரே அடித்தார். நெதர்லாந்துக்கு எதிரான இறுதிப் போட்டியை இந்தியா 6-1 என்று வென்றபோது, ஆறில் ஐந்து கோல்கள் அவருடைய மட்டையிலிருந்து பிறந்தவை. ஒலிம்பிக் ஆடவர் ஹாக்கி இறுதிப் போட்டியில் தனியொருவர் அடித்த அதிக கோல்கள் என்ற அந்தச் சாதனை இன்றும் அவர் பெயரிலேயே உள்ளது.

மெல்போர்னில் அணித் தலைவராகச் சென்ற அவருக்கு, ஆப்கானிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே விரல் எலும்பு முறிந்தது. அந்தக் காயத்துடனேயே அரையிறுதியிலும் இறுதிப் போட்டியிலும் களமிறங்கினார். இந்தியா பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கத்தைத் தக்கவைத்தது. மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் சேர்த்து எட்டு ஆட்டங்களில் அவர் அடித்தவை 22 கோல்கள். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், அவ்விருதைப் பெற்ற முதல் விளையாட்டு வீரர் ஆவார். 1975இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது, ஒலிம்பிக் வரலாற்றின் அடையாளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 16 பேரில் இடம்பெற்ற ஒரே இந்தியரும் இவர்தான்.

பிறப்பில் அவர் 'சீனியர்' அல்லர். அதே பெயருடன் இன்னொரு வீரர் இந்திய அணிக்கு வந்த பிறகே, வேறுபடுத்திக் காட்டுவதற்காக அந்தச் சொல் சேர்ந்தது. காலப்போக்கில் அது குடும்பப் பெயரைப்போல் நிலைத்துவிட்டது. மொஹாலியில் உள்ள சர்வதேச ஹாக்கி மைதானத்துக்கு 2021இல் அவர் பெயர் சூட்டப்பட்டபோது, 'சீனியர்' என்ற சொல்லும் சேர்ந்தே பொறிக்கப்பட்டது.

இரண்டாமவர்: 'ஜூனியர்'

அந்தச் சொல்லுக்குக் காரணமானவர் பல்பீர் சிங் ஜூனியர். 1932இல் ஜலந்தர் அருகேயுள்ள சன்சார்பூர் கிராமத்தில் பிறந்தவர். 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்ற இந்திய அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். ஆசிய விளையாட்டில் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது.

1962இல் ராணுவத்தில் சேர்ந்து, மேஜராக ஓய்வு பெற்ற ஜூனியர், பின்னர் சண்டிகரில் வாழ்ந்தார். சீனியரும் அதே நகரில்தான் வசித்து வந்தார். ஒரே நகரில், ஒரே பெயரில், ஒரே விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடிய இருவர் முதுமையைக் கழித்தனர். 88 வயதில் மறைந்த ஜூனியரின் பெயரில் ஒலிம்பிக் தங்கம் இல்லை. ஆனால் அவர் யாருடைய நிழலும் அல்லர். ஆசிய வெள்ளியும் ராணுவ வாழ்க்கையும் அவர் தம் உழைப்பால் தேடிக்கொண்டவை.

மெக்சிகோ 1968: ஒரே அணியில் மூவர்

குழப்பம் உச்சத்தைத் தொட்டது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில். பிரிதிபால் சிங், குர்பக்ஷ் சிங் ஆகிய இருவரின் கூட்டுத் தலைமையில் சென்ற அந்த அணியில் மூன்று பல்பீர் சிங்குகள் இருந்தனர். சீனியர், ஜூனியர் என்ற பாகுபாடு இரண்டு பேருக்குத்தான் உதவும். மூன்று பேருக்கு என்ன செய்வது?

அன்றைய இந்திய ஹாக்கியின் கட்டமைப்பே அதற்கு விடை தந்தது. அக்காலத்தில் பெரும்பாலான வீரர்கள் ரயில்வே, ராணுவம், காவல் துறை போன்ற நிறுவனங்களில் பணியாற்றியபடி அவற்றின் அணிகளுக்காக ஆடினர். எனவே மூவரும் பல்பீர் சிங் (ரயில்வே), பல்பீர் சிங் (சர்வீசஸ்), பல்பீர் சிங் (பஞ்சாப் காவல் துறை) எனக் குறிக்கப்பட்டனர். வேலை செய்யும் இடமே அடையாளமானது.

இவர்களில் ரயில்வே வீரரின் குடும்பப் பெயர் கிரேவால். சர்வீசஸ் அணிக்காக ஆடியவர் பின்னாளில் கர்னல் பொறுப்பு வரை உயர்ந்தார். காவல் துறை வீரர் பல்பீர் சிங் குல்லார் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் ஆடியவர். பஞ்சாப் காவல் துறையில் டிஐஜி ஆகி ஓய்வு பெற்ற அவருக்கு 2009இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2020இன் தொடக்கத்தில் மறைந்தவர் இவரே.

குடும்பப் பெயரைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் சர்வீசஸ் பல்பீரும் காவல் துறை பல்பீரும் ஒரே ஊரான சன்சார்பூரைச் சேர்ந்தவர்கள். குடிப்பெயரும் ஒன்றே. பெயர், குடிப்பெயர், ஊர், விளையாட்டு, அணி, பதக்கம் ஆகிய ஆறும் ஒன்றாக இருக்க, அவர்களைப் பிரித்துக் காட்டியது அவரவர் அணிந்த பணிச் சீருடை மட்டுமே.

மெக்சிகோவில் இந்தியா அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இறுதிப் போட்டியை எட்டிவந்த இந்தியா, முதன்முறையாக அதை எட்டாமல் திரும்பியது. அந்த அணியைப் பற்றிய பதிவுகளைப் புரட்டும் ஆய்வாளர், ஒரு கோலுக்கு எதிரே 'பல்பீர் சிங்' என்று மட்டும் எழுதியிருப்பதைக் கண்டால், அந்தக் கோலுக்குரிய பெருமையை மூவரில் யாருக்குக் கொடுப்பது? அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'ரயில்வே' அல்லது 'சர்வீசஸ்' என்ற ஒரு சொல் விடுபட்டால், ஒரு வீரரின் வாழ்நாள் சாதனையே இடம் மாறிவிடும்.

ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர்?

இதற்குச் சீக்கியர்களின் பெயர் சூட்டும் மரபில் விளக்கம் கிடைக்கிறது. 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தோற்றுவித்தபோது, ஆண்கள் 'சிங்' என்றும் பெண்கள் 'கவுர்' என்றும் பெயருடன் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. சாதியைக் காட்டும் குடிப்பெயர்களைக் களைந்து, அனைவரையும் சமமாக நிறுத்துவதே அதன் நோக்கம். ஆகவே, குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் குடிப்பெயரைப் பலர் எழுதுவதில்லை. ராஜபுத்திரர் உள்ளிட்ட வேறு பல சமூகத்தினரும் 'சிங்' என்று பெயரில் சேர்ப்பதால், அந்தச் சொல்லை வைத்து ஒருவரை அடையாளம் காண்பது மேலும் கடினமாகிறது.

முதற்பெயருக்கும் ஒரு முறை உண்டு. குழந்தை பிறந்ததும் குருத்வாராவில் குரு கிரந்த சாகிப்பைத் திறந்து, அப்போது கண்ணில் படும் பாடலின் முதலெழுத்தில் தொடங்கும் பெயரைச் சூட்டுவது மரபு. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை இணைத்து உருவாகின்றன. முன்னால் பல், குர், ஹர், மன், ஜஸ் போன்ற சொற்கள் வரும். பின்னால் பீர், ஜீத், தீப், பிரீத் போன்றவை வரும். வலிமையைக் குறிக்கும் 'பல்', வீரத்தைக் குறிக்கும் 'பீர்' இரண்டும் சேர்ந்ததே பல்பீர். துண்டுகள் சில, குழந்தைகள் பல. எனவே ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதில் வியப்பில்லை.

இந்தப் பெயர்கள் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானவை என்பது கூடுதல் சிறப்பு. இன்றைய செய்திகளிலேயே இதற்குச் சான்று உள்ளது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங். 2025 நவம்பரில் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் கவுர். 'ஹர்மன்பிரீத் தலைமையில் இந்தியா வெற்றி' என்ற தலைப்பைப் பார்த்ததும் எந்த ஆட்டம் என்று தெரிந்துகொள்ள, அடுத்த சொல்லையும் படித்தாக வேண்டும்.

ஊரின் பங்கும் சிறிதல்ல. ஜலந்தர் ராணுவக் குடியிருப்பை ஒட்டியுள்ள சன்சார்பூர், 14 ஒலிம்பிக் வீரர்களைத் தந்த கிராமம் என்று அறியப்படுகிறது. 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குர்மீத் சிங், 1975 உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் அஜித்பால் சிங் ஆகியோரும் இவ்வூரினரே. மூன்று ஒலிம்பிக் தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற உதம் சிங்கும் சன்சார்பூர்க்காரர்தான். அவருடைய பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் வேறொருவர். ஜாலியன்வாலாபாக் படுகொலையின்போது பஞ்சாப் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ'டயரை 1940இல் லண்டனில் சுட்டுக்கொன்று தூக்குமேடை ஏறிய புரட்சியாளர் உதம் சிங் அவர்.

களத்துக்கு வெளியே பல்பீர்கள்

ஹாக்கியைத் தாண்டியும் இப்பெயருக்குப் பெருமை சேர்த்தோர் உள்ளனர். மாசடைந்து கிடந்த காளி பேயின் ஆற்றை மக்களின் உடலுழைப்பைத் திரட்டித் தூய்மைப்படுத்திய துறவி பல்பீர் சிங் சீச்சேவால், 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 முதல் மாநிலங்களவை உறுப்பினராக உள்ளார். சீச்சேவால் என்பது அவருடைய ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. பட்டியாலாவைச் சேர்ந்த கண் மருத்துவர் பல்பீர் சிங், 2023இல் பஞ்சாப் மாநில சுகாதாரத் துறை அமைச்சரானார்.

உலகம் மறக்கக் கூடாத இன்னொரு பல்பீர் சிங்கும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் மெசா நகரில் பெட்ரோல் நிலையம் நடத்திவந்தவர் பல்பீர் சிங் சோதி. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த நான்காம் நாள், தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து அவரை அரேபியர் எனத் தவறாகக் கருதிய ஒருவர் சுட்டுக்கொன்றார். ஒருவரை இன்னாரென்று அறிய முயலாமல், தோற்றத்தை வைத்து முடிவுகட்டுவது எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த மரணம் சாட்சியாக நிற்கிறது.

ராஜீவ் குமாரை நீக்கிய ராஜீவ் குமார்

ஒரே பெயரால் வரும் சிக்கல் பஞ்சாபுக்கோ விளையாட்டுக்கோ மட்டும் உரியதன்று. 2017 செப்டம்பரில் நிதி ஆயோக்கின் துணைத் தலைவராகப் பொருளாதார வல்லுநர் ராஜீவ் குமார் பொறுப்பேற்றார். அதே காலகட்டத்தில் மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறைச் செயலராக வந்தவரும் ராஜீவ் குமார்தான். பொருளாதாரச் செய்திகளில் இருவரின் பெயரும் அடுத்தடுத்து இடம்பெற்றன. இரண்டாமவர் பின்னர் தேர்தல் ஆணையத்துக்குச் சென்று, 2022 மே மாதம் தலைமைத் தேர்தல் ஆணையரானார்.

2024 மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாளில், மேற்கு வங்கக் காவல் துறைத் தலைவரை மாற்றும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. மாற்றப்பட்ட அதிகாரியின் பெயரும் ராஜீவ் குமார். ஆங்கிலத்தில் ஓரிரு எழுத்துகள் மாறும்; தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் மறைந்துவிடும். பதவியைச் சேர்த்து எழுதாவிட்டால், ஒருவரே தம்மை நீக்கிக்கொண்டதுபோல் செய்தி அமைந்துவிடும்.

பெயரே ஆயுதமாகும்போது

தற்செயலாக அமையும் பெயர் ஒற்றுமையைத் தேர்தல் களம் திட்டமிட்டே பயன்படுத்துகிறது. சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் 2014 மக்களவைத் தேர்தலில் பாஜக வேட்பாளர் சந்துலால் சாஹுவுடன், அதே பெயரும் அதை ஒத்த பெயரும் கொண்ட சுயேச்சைகள் பலர் களத்தில் இருந்தனர். முன்னாள் முதல்வர் அஜித் ஜோகியை அவர் வென்ற வித்தியாசம் வெறும் 1,217 வாக்குகள். கேரளத்தின் ஆலப்புழாவில் 2004இல் காங்கிரஸின் வி.எம். சுதீரன் தோற்ற வித்தியாசம் 1,009 வாக்குகள். அங்கு வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை பெற்ற வாக்குகளோ எட்டாயிரத்துக்கும் அதிகம். தமிழ்நாட்டில் 2024இல் ராமநாதபுரம் தொகுதியில் போட்டியிட்ட முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு பன்னீர்செல்வங்களும் மனு தாக்கல் செய்தனர். தந்தை பெயரின் முதலெழுத்து என்ற தமிழ் மரபின் வேலியும் அங்கே பயன்படவில்லை.

இத்தகைய வேட்பாளர்களைத் தடுக்கக் கோரிய பொதுநல மனுவை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. பெற்றோர் இட்ட பெயரைக் காரணம் காட்டி ஒருவர் தேர்தலில் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதே அதன் நிலைப்பாடு.

ஆனால் சட்டத்தில் ஒரு வழி உள்ளது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்களின் பெயர் ஒன்றாக இருந்தால், அவர்களுடைய தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்து, அல்லது வேறு முறையில் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டப்படும் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் புகைப்படமும் இடம்பெறுகிறது.

தொழில் அல்லது வசிப்பிடம் என்று சட்டம் வகுத்த அதே வழியைத்தான் இந்திய ஹாக்கியும் தானாகக் கண்டுகொண்டது. ரயில்வே, சர்வீசஸ், காவல் துறை என்பவை தொழில்கள். சன்சார்பூர், சீச்சேவால் என்பவை இடங்கள். இரண்டும் போதாதபோது, சீனியர், ஜூனியர் என்ற வயது வரிசை.

விடுபடக் கூடாத ஒரு சொல்

இணையத் தேடலில் 'பல்பீர் சிங் ஹாக்கி' என்று தட்டச்சு செய்பவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சீனியரின் வரலாறே. அவர் அடைந்த உயரம் அத்தகையது. ஆனால் அந்தப் புகழின் வெளிச்சத்தில் மற்ற நால்வரும் மறைந்துபோவதும், அவர்களின் பதக்கங்கள் அவர் கணக்கில் எழுதப்படுவதும் எளிதில் நடக்கக்கூடியவை. தவறான புகைப்படம் ஒன்று, மாற்றி எழுதப்பட்ட பிறந்த ஆண்டு ஒன்று போதும். மறைந்த ஒருவரின் குடும்பத்துக்கு அது ஆறாத வருத்தத்தைத் தரும்.

மெக்சிகோவில் மூன்று பல்பீர் சிங்குகள் வெண்கலம் பெற்றனர். பதக்கங்கள் மூன்றும் தனித்தனியானவை. அவற்றை ஈட்டிய வாழ்க்கைகளும் தனித்தனியானவை. அடுத்த முறை 'பல்பீர் சிங்' என்ற பெயரைச் செய்தியில் காணும்போது, அதற்குப் பின்னால் வரும் சொல்லையும் சேர்த்துப் படித்தால்தான், அந்த ஐவரில் ஒருவர் அவருக்குரிய இடத்தில் நினைவுகூரப்படுவார்.